அக்குவின் தொண்டை

எங்கள் அப்பாவுக்குத் தொண்டையில் ஒரு கோளாறும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரை வெயிலில், மந்தைவெளியில் எங்கள் தெருக்காரர்கள் பாதிப் பேர் அவருக்குத் தொண்டையில் என்னவோ வந்துவிட்டது, ஆள் தேறமாட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். நம்பவைத்த புண்ணியவான் எங்கள் தாய்மாமன் அய்யாதுரை.

அப்பா சண்முகவேல் தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் அந்தக் கடைக்கு வந்து, கூடத்தைப் பெருக்குவதில் தொடங்கிப் பட்டுக்கு ஏறியவர். அந்த ஏற்றம் எவ்வளவு பெரியது என்று ஜவுளிக்கடைக்காரர்களுக்குத்தான் தெரியும். அவர் உதறினால் முந்தானை சரியாக வாடிக்கைக்காரம்மாவின் முழங்காலுக்கு முன்னால் போய் விழும். 'இல்லை' என்ற சொல்லை அங்கே அவர் சொன்னதே கிடையாது. கேட்ட நீலம் இல்லையென்றால், "நீலத்துக்கு முன்னால இதைப் பாத்துருங்கம்மா" என்று மயில்கழுத்துக் கலரை விரிப்பார். குரல் உயரவே உயராது. அந்தக் குரலுக்காகவே அவரிடம்தான் எடுப்போம் என்று மயிலாப்பூரிலிருந்து வருகிறவர்கள் உண்டு.

அந்தக் கடைக்கு விலைப்பலகையும் விளம்பரப் படமும் வரைந்துகொண்டிருந்தவர் மெஹபூப் அலி. அவருக்கு டி.வி. நிலையத்தில் படம் போடுகிற வேலை கிடைத்தது. குழந்தைகளுக்கான நிகழ்ச்சியில் 'எழுத்துப் பட்டாளம்' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். எழுத்துகளை அட்டையில் வரைந்து, கை கால் ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் பிடிப்பார்கள். எழுத்துகள் ஒன்றோடொன்று சண்டை போடும், மாவாட்டும், பஸ்ஸுக்கு ஓடும். ஔ இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு யாருக்கும் வழிவிடாத குண்டம்மா. ழ காலையில் எழுந்திருக்கவே எழுந்திருக்காத சோம்பேறி. எல்லாருக்கும் கடைசியில் மூச்சிரைக்க வந்து சேர்வது ஃ. மூன்று புள்ளியும் மூன்று மொட்டைத் தலையாக இருக்கும். பட்டாளத்தில் அதற்குப் பெயர் அக்கு. தொண்டையில் மீன்முள் சிக்கினமாதிரி "அக்... அக்..." என்றுதான் பேச ஆரம்பிக்கும். எந்த வார்த்தையிலும் அதை யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வாராவாரம் இடம் கேட்டு வந்து, வாராவாரம் வெளியே நிற்கும்.

அந்த அக்குவுக்குக் குரல் எங்கள் அப்பா.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் முதலாளிமாதிரி பேசிக்காட்டுவதை மெஹபூப் அலி பார்த்திருக்கிறார். ஒருநாள் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா தாடையைக் கழுத்துக்குள் அமுக்கி, மூக்கால் ஒரு இழுப்பு இழுத்து, "அக்..." என்றாராம். அங்கே இருந்தவர்கள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்றாம். இதைச் சொல்லும்போது அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும். பட்டுக்கு ஏறிய அன்றைக்குக்கூட அப்படி இருந்திருக்க மாட்டார்.

அம்மா சிரிக்கவில்லை. அம்மா முத்துலட்சுமியின் சித்தப்பா ஒருவர் நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டியவர். கூத்தாடி மகள் என்று சொல்லிச் சொல்லியே அவர் பெண்ணை யாரும் எடுக்கவில்லை. அந்தச் சித்தி நரைத்த தலையோடு அண்ணன் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பதை நாங்களே பார்த்திருக்கிறோம்.

"வீட்டுல ரெண்டு பொட்டப் புள்ள இருக்கு," என்றாள் அம்மா. "நீங்க போய்க் கத்திட்டு வாங்க. ஆனா அது நீங்கதான்னு வெளிய ஒரு ஆளுக்குத் தெரியப்பிடாது."

அப்பா சரி என்றார். டி.வி.யில் யார் பெயரும் போடுவதில்லை என்பதால் ரகசியம் நின்றது. குளியலறையில் அவர் அக்கு பேசிப் பழகும்போது அம்மா ரேடியோவைச் சத்தமாக வைப்பாள்.

எங்கள் வீட்டில் டி.வி. கிடையாது. எதிர்வீட்டு வேம்பு மாமா வீட்டில்தான் தெருவே பார்க்கும். "செருப்பை வாசல்லயே விட்டுட்டு வாங்கோ, கூடம் இப்பத்தான் தொடைச்சிருக்கு" என்று மாமி சொல்ல, நாங்கள் தரையில் நெருக்கியடித்து உட்காருவோம். இஸ்திரிக்காரர் பிள்ளைகள் முன்வரிசை. அவர்களில் ஒருத்தி தொடக்கத்திலிருந்தே, "அக்கு இன்னும் வர்ல, எங்க கீது அது?" என்று கேட்டபடியே இருப்பாள். அக்கு வந்ததும் கூடம் அதிரும். வேம்பு மாமா ஈஸிசேரில் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். "யார்டா இவன், என்னமாப் பேசறான் பாத்தேளா" என்பார் மாமியிடம். அது எங்கப்பா என்று சொல்ல எனக்கு நாக்கு துடிக்கும். அக்கா சீதா பக்கத்திலிருந்து தொடையில் கிள்ளுவாள். அப்பாவை நினைத்துப் பெருமைப்படவும் முடியாமல், பெருமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்த வயது; எனக்குப் பதினைந்து.

எழுபத்தேழு கடைசியில் பட்டாளத்தை நிறுத்திவிட்டார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. மெஹபூப் அலி மீண்டும் விலைப்பலகைக்கு வந்தார். இஸ்திரிக்காரர் பிள்ளைகள் கொஞ்ச நாள் அதே நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அம்மா பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் போட்டாள்.

அடுத்த சித்திரையில் சீதாவுக்கு இடம் வந்தது. மயிலாப்பூர் மாட வீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த சுயம்புலிங்கம் வீட்டுப் பையன், ஆவுடையப்பன். நம் பக்கத்து ஆட்கள், நல்ல குடும்பம், பையனும் லட்சணம். பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் மாமா அய்யாதுரை ஒரு கண்டுபிடிப்போடு வந்தார்.

"அவிய வீட்டுல டி.வி. இருக்கு அத்தான். சின்னப் பிள்ளையளும் இருக்கு. நீங்க வாயத் தொறந்தா கண்டுபிடிச்சிரும்."

"நான் எங்கடா அங்க அக்கு பேசப்போறேன்? சாதாரணமாத்தான பேசுவேன்?"

"சாதாரணமாப் பேசும்போதும் அந்த வாடை இருக்கு அத்தான். உங்களுக்குத் தெரியாது. தொண்டை கட்டிருக்கு, டாக்டர் பேசப்பிடாதுன்னுட்டாருன்னு சொல்லிருவோம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மாமாவின் பக்கம்தான் இருந்தாள்.

அப்படியாக, ஊரே விசிறியும் கையுமாக இருந்த வெயிலில் எங்கள் அப்பா கழுத்தில் கம்பளி மப்ளரைச் சுற்றிக்கொண்டு சம்பந்தம் பேச உட்கார்ந்தார். வியர்வை காதுக்குப் பின்னால் இறங்குகிறது. கும்பிடுகிறார், தலையாட்டுகிறார், கேசரியைச் சாப்பிடச் சொல்லிச் சைகை காட்டுகிறார். சுயம்புலிங்கம் பட்டு விலையைப் பற்றி ஆசையாகக் கேட்டார். மாமா குறுக்கே விழுந்து என்னவோ உளறினார். சரியான பதில் அப்பாவின் வாய்வரை வந்து திரும்பிப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பையனின் அத்தை அம்மாவிடம் மெதுவாக, "முழுங்க முடியுதா அவியளுக்கு?" என்று கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து, சீக்குச் செய்தி எங்கள் தெருவரை பரவியபின், தரகர் வந்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். ஆனால் வீட்டில் பேசிக்கொள்கிறார்களாம். தொண்டைச் சீக்கு பரம்பரையில் ஓடுமே, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி என்னவென்று தெரிந்துகொண்டு மேலே பேசலாமே என்று.

சீதா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அவரைப் புடிச்சிருக்குடி" என்றாள் என்னிடம், சுவரைப் பார்த்தபடி. அது அம்மாவுக்கும் கேட்டது.

சாயங்காலம் அம்மா அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்து வாங்கினாள். "பொறப்படுங்க" என்றாள். எங்கே என்று மாமா கேட்டார். "நீ ஒருத்தன் வாயத் தொறக்காம இருந்தாப் போதும்" என்று அவரை விட்டுவிட்டுக் கிளம்பினாள். ஒத்தாசைக்கு என்று என்னையும் கூட்டிக்கொண்டாள்.

பாத்திரக்கடைக்கு மேல்தான் சுயம்புலிங்கத்தின் வீடு. எங்களைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடம். அம்மா தண்ணீரைக்கூட வாங்கவில்லை.

"அவுகளுக்குத் தொண்டையில ஒண்ணுமில்ல. நாங்க சொன்னது பொய்யி. அவுக டி.வி.ல பேசுனவுக. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் மறைச்சோம்."

"டி.வி.லயா? என்ன பேசுனாவ? செய்தியா?"

அம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அக்கு."

சுயம்புலிங்கம் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா லேசாகத் தலையசைத்தாள். அப்பா தாடையைக் கழுத்துக்குள் இறக்கினார்.

"அக்... அக்... நான் வந்துட்டேன், வண்டி போயிருச்சா?"

அடுப்படியிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். பையனின் அக்கா மகள் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. கடைப் பையன்கள் மாடிப்படியில் ஏறி நின்றார்கள். சுயம்புலிங்கம் வேட்டியால் கண்ணைத் துடைத்தார். "அந்த நேரத்துக்குக் கல்லாவ விட்டுட்டு மேல வந்துருவேன் சம்பந்தி. பொய் சொல்லல. நிறுத்திட்டானுவளே, வீட்டுல சிரிப்பே போச்சு" என்றார். ஆவுடையப்பனும் வந்தான். ஔ பஸ்ஸில் சிக்கிக்கொண்டது, ழ இட்டிலிப் பானைக்குள் தூங்கிப்போனது என்று ஆளுக்கொன்றாக எடுத்துச் சொல்லிச் சிரித்தார்கள். அப்பா, அந்தப் பானையை மெஹபூப் அலி எப்படிச் செய்தார், ஆவி வருவதற்குப் பஞ்சை எப்படி நகர்த்தினார் என்று சொல்லத் தொடங்கினார். அதை யாரும் கேட்கவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அக்குவைத்தான் கேட்டார்கள். அப்பாவும் சளைக்காமல் பேசினார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா அழுதாள். சந்தோஷத்தில்தான்.

பிறகுதான் கூத்து ஆரம்பித்தது. நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சுயம்புலிங்கம், "இவர் யாரு தெரியுதா? நம்ம அக்கு" என்று அறிமுகம் செய்தார். உடனே அப்பா ஒரு தடவை அக் என்றாக வேண்டும். சண்முகவேல் என்ற பெயரை யாரும் கேட்கவில்லை. தாம்பூலம் மாற்றும்போது ஒரு தடவை, சாப்பாட்டுப் பந்தியில் ஒரு தடவை, வழியனுப்பும்போது ஒரு தடவை. வேம்பு மாமா வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பாவுக்கு ஆள் வரும். அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வரவர அப்பா வாசலில் நிற்பதைக் குறைத்துக்கொண்டார்.

செய்தி கடைக்கும் போயிற்று. முதலாளி நல்ல வியாபாரி. பண்டிகைக் கூட்டத்துக்கு நல்லதென்று அப்பாவைப் பட்டிலிருந்து கீழ்த்தளத்துக்கு, சின்னப் பிள்ளைகள் துணிப் பிரிவுக்கு மாற்றினார். டவுசரும் கவுனும் விற்கிற இடம். அழுகிற பிள்ளைக்கு அக்கு பேசிக்காட்டி ஜட்டி விற்றார் எங்கள் அப்பா. மயிலாப்பூர் அம்மாமார்கள் மாடிக்குப் போகும் வழியில் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

"முதலாளிகிட்டச் சொல்லிப் பாருங்களேன்" என்றாள் அம்மா.

"சொன்னேன். அதையும் அக்கு மாதிரிச் சொல்லச் சொன்னாரு" என்றார் அப்பா.

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தவளுக்கு, தெரிந்தபின் இப்படி ஆகும் என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைப் பார்த்துத் தாடையை அமுக்கிக் காட்டும்போது நான் சிரித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று விளங்கவில்லை.

ஆவணியில் மந்தைவெளி மண்டபத்தில் கல்யாணம். கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்பா என்னிடம் ஒரு விஷயம் கேட்டார். தாரை வார்க்கும்போது பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளையிடம் இரண்டு வார்த்தை சொல்லலாமாம். அது அவர் பக்கத்து வழக்கம். என்ன சொல்லலாம் என்று யோசித்து வைத்திருந்தார். சீதாவுக்குக் கோபம் வந்தால் சாப்பிடமாட்டாள். சண்டை யார் பேரில் என்றாலும், தட்டை வைத்து ஒருவர் கூப்பிட்டால் வந்துவிடுவாள். கூப்பிடாவிட்டால் அப்படியே படுத்துவிடுவாள். வீட்டில் அந்த ஒருவர் எப்போதும் அப்பாதான். "ஏளா, இதைச் சொன்னாத் தப்பா எடுத்துக்கிடுவாகளா?" என்று கேட்டார். சொல்லுங்கப்பா என்றேன்.

மறுநாள் மணவறையில் சீதாவின் கைக்குக் கீழே மாப்பிள்ளை கை, மேலே அப்பா கை. அம்மா செம்பிலிருந்து தண்ணீர் விட்டாள். ஐயர் மந்திரத்தை முடித்ததும் அப்பா மாப்பிள்ளைப் பக்கம் குனிந்தார். மைக்செட்டுக்காரன் நல்லெண்ணத்தில் மைக்கை அவர் வாயருகில் நீட்டினான்.

"மாப்ள," என்றார் அப்பா. பட்டுப் பிரிவில் பேசுகிற அந்தத் தணிந்த குரல்.

பின்வரிசையில் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கின. அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும் என்று நினைப்பு. சிரிப்பு முன்னால் பரவிவந்தது. அப்பா நிறுத்தினார். அடங்கட்டும் என்று காத்தார்.

"மாப்ள, எங்க சீதா..."

சிரிப்பு இன்னும் கூடிற்று. "அக்கு வரட்டும், அக்கு வரட்டும்" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். "விடுங்கய்யா, சம்பந்தி பேசட்டும்" என்ற சுயம்புலிங்கமே சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாப்பிள்ளை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். நல்ல பையன். அடக்கத்தான் பார்த்தான்.

அப்பா ஒரு முறை சபையைப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. அம்மாவின் கையில் செம்பு சாய்ந்தபடியே இருந்தது. அவர் தாடை மெல்லக் கழுத்துக்குள் இறங்குவதை நான் பார்த்தேன். வேண்டாம்ப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மைக்கில் அக்கு வந்துவிட்டது.

"அக்... மாப்ள. எங்க பொண்ணுக்குக் கோவம் வந்தாச் சாப்பிடமாட்டா. அக்... நீங்கதான் தட்டை வச்சுக் கூப்பிடணும். யாராவது ஒருத்தர் கூப்பிடணும். அக்... கூப்பிட்டா வந்துருவா."

மண்டபம் சிரித்து ஓய்ந்தது. மேளக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். ஆவுடையப்பனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தாடையை அமுக்கிக்கொண்டு, மைக்கிலேயே, "அக்... சரி மாமா" என்றான். கைத்தட்டல் எழுந்தது. சீதா தலையைக் குனிந்தபடி அழுதாள். பெண் சிரிப்புத் தாங்காமல் அழுகிறது என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார். அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்த இடத்தில் இருக்கவே கூசிற்று.

பந்தி முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் அப்பா கைகழுவும் இடத்தில் தனியாக நின்றிருந்தார். துண்டு கொடுக்கப் போனேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொந்தக் குரலில் கேட்டார்.

"ஏளா, நான் சொன்னது மாப்பிள்ளைக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுப்பா" என்றேன், துண்டை மடித்துக்கொண்டே.